சுமங்கலித் திட்டமும் கொள்முதல் பொறுப்பும்

மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலை விடுதியிலேயே தங்கவைத்து வேலை வாங்கி, காலம் முடியும்போது கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லித் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல நடத்திய ஆள்சேர்ப்பு முறை சுமங்கலித் திட்டம் எனப்பட்டது. தான் விற்கும் துணி யார் கையால், எந்த நிலையில் உருவானது என்பதற்கு வாங்கும் நிறுவனமும் பொறுப்பு என்னும் கருத்து தமிழ்நாட்டில் கூர்மை பெற்றதற்கு இந்த முறை முக்கியமான காரணம்.

தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டாரத்திலிருந்து ஆலைகளுக்குப் பருத்தியும் போயிற்று, பெண்பிள்ளைகளும் போனார்கள். பருத்தி போகும் வழி ஊரறிந்தது. அரூர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மூட்டைகளை இறக்கி வைப்பார்கள். வியாபாரிகள் பார்த்து விலை கேட்பார்கள். எடையும் குவிண்டால் விலையும் எழுத்தில் பதிவாகும். பெண்பிள்ளை போன வழியில் அப்படி ஒரு தாளும் இல்லை. ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து சொன்ன வாய்ச்சொல்லே அவளுக்கு ஒப்பந்தம். மழையை நம்பிய மேட்டு நிலமும், சித்தேரி மலை ஊர்களும், குடகுக் காபித் தோட்டத்துக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு கிளம்பிப்போகும் வழக்கமும் கொண்ட பகுதி இது. யோசிக்காமல் யாரும் மகளை அனுப்பவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, தங்க இடம், முடிவில் 30,000 முதல் 60,000 ரூபாய் வரை கையில் வரும் என்றால், நகைக்கு வழி தேடும் தகப்பன் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

கோவையில் முதல் நூற்பாலை 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் முயற்சியில் எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நிரந்தரப் பணி, போனஸ், சங்கம் எல்லாவற்றையும் போராடிப் பெற்றவர்கள். 1980களின் இறுதிக்குப் பிறகு புதிதாக வந்த ஆலைகள் சங்கம் வேரூன்றாத கிராமப்புறங்களுக்கு நகர்ந்தன. தற்காலிகப் பெண் தொழிலாளர்கள் அங்கே வழக்கமானார்கள். 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வணிகத்தின் கோட்டா முறை ஒழிந்ததும் ஏற்றுமதி விரிந்தது, ஆள்தேவை கூடியது, ஏஜெண்டுகள் தொலைதூர மாவட்டங்களுக்கும் போனார்கள்.

திட்டத்தின் உயிர்நாடி அந்தக் கடைசித் தொகை. அது பரிசு எனச் சொல்லப்பட்டாலும், மாதந்தோறும் தர வேண்டிய கூலியில் பிடித்துவைத்த பணம்தான் பெரும்பாலும். உடம்புக்கு முடியாமல் இரண்டரை ஆண்டில் ஊர் திரும்பியவள் அதை இழந்தாள். பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே சம்பளம், இரட்டை ஷிப்டு, விடுதி வாசலைத் தாண்ட அனுமதி இல்லாமை, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் ஆகியவை ஆய்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நடப்பில் இருந்த நாட்டில், கூலியைப் பிணையாக வைத்து ஆளை நிறுத்திவைக்கும் முறை இத்தனை காலம் ஓடியதை நிர்வாகத்தின் தோல்வி என்றே பதிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் இதை நெடுங்காலம் காணாததற்குக் காரணம் விநியோகச் சங்கிலியின் அமைப்பு. பஞ்சு நூலாகி, திருப்பூரில் நிட்டிங், சாயம், துணியை முன்கூட்டிச் சுருக்கும் காம்பாக்டிங் கடந்து, தைத்து முடிந்து பெட்டியில் ஏறுகிறது. வாங்கும் நிறுவனம் ஆர்டர் கொடுப்பது தைக்கும் கம்பெனிக்கு. தைக்கும் கம்பெனி நூலைச் சந்தையில் வாங்குகிறது. ஒரே பனியனில் பல ஆலைகளின் நூல் கலந்திருக்கலாம். லீவை ஸ்ட்ராஸ் 1991இல் வெளியிட்ட நெறிமுறையைத் தொடர்ந்து 1997இல் எஸ்.ஏ.8000 தரச்சான்று வந்தது, 1998இல் பிரிட்டனில் நெறிசார் வணிகக் கூட்டமைப்பு தொடங்கியது. இவற்றை ஒட்டி அமர்த்தப்பட்ட தணிக்கையாளர்கள் தையல் கூடம்வரை வந்தார்கள், தீயணைப்புக் கருவியை எண்ணினார்கள், நூற்பாலை விடுதியை அவர்களில் எட்டிப் பார்த்தவர் குறைவு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் தணிக்கையில் தொழிலாளி வாய் திறப்பதும் அரிது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபோது, அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது தெரியவந்தது.

அதே சங்கிலியின் இன்னொரு கண்ணியான சாயப்பட்டறைகளின் கழிவு விஷயத்தில், அழுத்தம் வாங்குவோரிடமிருந்து வராமல் வேறு திசையிலிருந்து வந்தது. நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் வழக்காடியதில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே கழிவுநீரை முழுதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை அங்கே கட்டாயமாக நிலைபெற்றது.

அதே 2011 மே மாதம், சோமோ ஆய்வு மையமும் நெதர்லாந்தின் இந்தியக் குழுவும் தமிழ்நாட்டு நூற்பாலைப் பெண்கள் பற்றி அறிக்கை வெளியிட்டன. 2014இல் ஐந்து ஆலைகளைப் பற்றி இன்னோர் அறிக்கை வந்தது. நிறுவனங்களின் பெயர்கள் வெளியானதால் வாங்குவோர் பதில் சொல்ல நேர்ந்தது. சிலர் உறவை முறித்துக்கொண்டார்கள். முறிப்பது சுலபம், ஆனால் விடுதியில் இருந்த பெண்ணுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2014இல் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது.

உண்மையான திருப்பம் ஒரு கொலைக்குப் பிறகு வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆடை ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. அதன் விளைவு 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். தொழிற்சங்கமும், ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டமைப்பும், ஈஸ்ட்மேனும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் சேர்ந்து ஒப்பமிட்டன, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் இணைந்தன. பாலியல் துன்புறுத்தலும் சாதிப் பாகுபாடும் தடுக்கப்பட வேண்டும் என்பதோடு, தவறினால் வாங்குவோர் வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றும் அது கட்டாயப்படுத்தியது. பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்களே ஆலைத் தளத்தில் கண்காணித்தார்கள், புகார் கேட்டார்கள். 2022 ஜூலையில் அந்த ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புக் காரணம் காட்டித் தடுத்தது. ஒப்பந்தம் வேலை செய்வதைக் கண்டு செப்டம்பரில் தடையை நீக்கியது. ஆப்பிரிக்க நாடான லெசோதோவில் 2019இல் இப்படி ஓர் உடன்பாடு முன்னரே வந்திருந்தது, 2024இல் இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவிலும் ஒன்று ஏற்பட்டது. தணிக்கை பத்தாண்டுகளில் செய்யாததைத் தொழிலாளியின் கையெழுத்தும் பங்குபெற்ற ஒப்பந்தம் ஓராண்டுக்குள் செய்தது.

சட்டங்களும் நகர்ந்துள்ளன. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் நேரடியாகச் சரக்கு தருவோரைத் தொடர்ந்து கண்காணிக்கச் சொல்கிறது. அதற்கு அப்பால் இருப்போர் விஷயத்தில், மீறல் பற்றி உறுதியான தகவல் வந்தால்தான் கடமை எழும். நூற்பாலை அப்படி அப்பால் இருப்போரில்தான் அடங்கும். இதே பொறுப்பைப் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 நெறியாணையின் அமலாக்கம் 2025இல் தள்ளிவைக்கப்பட்டது. இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021இல் கொண்டுவந்த பொறுப்பறிக்கை, 2022-23 முதல் பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். நூற்பாலைகளில் மிகப்பல பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதவை என்பதால் அதன் வீச்சு இங்கே குறைவு.

ஆள்வரும் திசையும் மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களுக்கு இப்படி வேறு வழி திறக்க, ஆலைகள் ஒடிசா, ஜார்கண்ட், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து ஆள் எடுக்கின்றன. விடுதியும் ஏஜெண்டும் அப்படியே இருக்க, தமிழ் தெரியாத அந்தத் தொழிலாளிக்கு வீடு இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது.