சவரக்கத்தியும் 13 ரூபாயும்

1809இல் பெங்களூர்க் கண்டோன்மெண்ட் அமைந்தபின், சென்னைப் படையோடு வந்த தமிழர் அல்சூர் வட்டாரத்தில் பெருகினர். ஜோகுபாளையம் அதன் ஒரு மூலை. சிப்பாய்களைத் தொடர்ந்து சமையற்காரரும் குதிரைக்காரரும் நாவிதரும் வந்தனர்.

1896 அக்டோபரில் நான்காம் ஹுஸ்ஸார் குதிரைப்படையுடன் இங்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வயது 21. அந்நாள்களை அவர் நகைச்சுவையாக எழுதியது, 1930இல் வெளியிட்ட தன்வரலாற்றில். விடியுமுன் படுக்கையிலேயே நாவிதர் மோவாயைத் தூக்கிச் சவரம் செய்துவிடுவார், மாலையில் போலோ. இந்தச் சொகுசுக்கு உழைத்தவர்களைப் பற்றிய நையாண்டி சுவையானதே. ஆயினும் சற்று உறுத்துகிறது. கழுத்தில் கத்தி வைத்த கையின் ஈரம் முப்பது ஆண்டுக்குப் பின்னும் அவர் நினைவில் இருந்தது. அந்த நாவிதரின் பெயர் நூலில் இல்லை.

இன்றைய பெங்களூர் கிளப்பின் 1899ஆம் ஆண்டுப் பேரேட்டிலோ, லெப்டினன்ட் சர்ச்சில் செலுத்தாமற்போன 13 ரூபாய் அவர் பெயரோடு இன்னும் இருக்கிறது.