செத்தல் மிளகாயும் இரண்டு ரூபாய்களும்

1872 ஜனவரி 1 முதல் இலங்கையின் கணக்குகள் ரூபாயிலும் சதத்திலும் எழுதப்பட்டன. ரூபாய் என்று மக்கள் கையில் புழங்கியது இந்திய வெள்ளி ரூபாய்தான். சில்லறை மாற்றும்போதுதான் கடல் குறுக்கே வந்தது: இராமேஸ்வரத்தில் அதே நாணயத்துக்குப் பதினாறு அணா, மன்னாரில் நூறு சதம். இந்தியா நூறு பைசாவுக்கு வந்து சேர 1957 ஆயிற்று. அந்தக் கணக்கில் இலங்கை எண்பத்தைந்து ஆண்டு மூத்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபின் இலங்கை அரசு சொந்தமாக நோட்டு வெளியிட்டபோதும் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற சமநிலை குலையவில்லை. 1949இல் பிரித்தானியப் பவுணோடு சேர்ந்து இரண்டும் இறங்கின. டொலருக்கு 4.76 என்ற ஒரே படியில் இரண்டும் நின்றன. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி பிறந்தது.

பிரிவு வந்தது 1966 யூனில். இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 7.50 என்று இறக்கியது, இலங்கை 4.76இலேயே நின்றது. நூறு இலங்கை ரூபாய்க்கு 157 இந்திய ரூபாய்! 1967 நவம்பரில் இலங்கையும் 5.95க்கு இறங்கியபின்னும் 126 கிடைக்கும் கணக்கு. இன்று வவுனியா பஸ் நிலையத்தில் நின்று இதைச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார்.

அந்தப் பலம் காகிதப் பலம். தேயிலை விலை விழுந்து திறைசேரியில் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. 1968 மேயில் அரசு செலாவணி உரித்துச் சான்றிதழ் என்றொரு முறையைக் கொண்டுவந்தது. அத்தியாவசியப் பொருளுக்கு டொலர் 5.95, மற்றவற்றுக்கு அதன்மேல் 44 வீதம் கூட்டி ஏறக்குறைய 8.57. ஒரே ரூபாய்க்கு இரண்டு விலை. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இன்னும் ஒரு படி போய், வெளியிலிருந்து வரும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கதவை இறுக்கியது.

பொருளியல் பாடத்தின்படி, மதிப்பு மிகுத்துக் காட்டப்பட்ட ரூபாய் உள்ளூர் விவசாயியைக் கெடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவியுமல்லவா? வட இலங்கையின் வன்னியில் நடந்தது தலைகீழ். சரக்கே வராதபோது அதன் மலிவு யாருக்கு என்ன செய்யும்? இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த செத்தல் மிளகாய் குறைந்ததும் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து வன்னித் தோட்டங்களும் நிமிர்ந்தன. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற இளைஞர்கள் காடு வெட்டிய நிலத்தில் மிளகாய் நட்டார்கள். கிளிநொச்சிப் பக்கம் தண்ணி இறைக்கும் மெசின்களின் சத்தம் விடியுமுன்பே தொடங்கிவிடும். பழுத்த மிளகாயை ஆய்ந்து படங்கில் பரப்பிக் காயவிட்டால் வளவெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். சாக்கில் போட்டுக் காலால் மிதித்து அடைக்கும்போது முகத்தில் துணி கட்டியவருக்கும் தும்மல் நிற்காது. அந்தச் சாக்குகள் லொறியேறிக் கொழும்புக்குப் போயின. இன்றைய முதியவர்கள் ‘சிறிமா காலம்’ என்று சொல்லும்போது பாணுக்கு நின்ற வரிசையும் மிளகாய்க் காசில் கட்டிய கல்வீடும் ஒரே மூச்சில் வந்துவிழும்.

1977 நவம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அரசு இரட்டை விலையை ஒழித்து டொலரை ஏறக்குறைய 16 ரூபாயில் விட்டது. அப்போது இந்தியாவில் டொலர் ஒன்பது ரூபாய்க்கும் கீழே. ஏறக்குறைய பதினொரு ஆண்டில் தராசு மறுபக்கம் சாய்ந்து, ஓர் இந்திய ரூபாய்க்கு இரண்டு இலங்கை ரூபாய் கொடுக்கும் நிலை நெருங்கியது. இப்படி இறங்கிய ரூபாய் தோட்டக்காரனுக்கு வேலி கட்டியிருக்க வேண்டும். ஆனால் அதே கையோடு இறக்குமதிக் கதவும் திறந்தது. வன்னித் தோட்டக்காரனின் பழைய விலை போயிற்று. அந்த மண்ணில் விளைச்சலின் பெறுமதியைத் தீர்மானித்தது மாற்று வீதத்தைவிடத் தடைதான் என்று இந்த இரண்டு கட்டங்களையும் அருகருகே வைத்தால் தெரிகிறது.

1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மீண்டும் மூண்டபோது தடை திசை மாறியது. வன்னிக்குள் போகும் எரிபொருள் கட்டுப்படுத்தப்பட்டது. வெடிமருந்தாகலாம் என்று யூரியாவும் தடுக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் தனி நீதிமன்றமும் காவல்துறையும் வைப்பகமும் நடத்தினார்கள். சந்தையில் கைமாறிய நோட்டு மட்டும் கொழும்பு மத்திய வங்கியின் நோட்டாகவே இருந்தது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கொடுத்த பவுணும் டொலரும் உண்டியல்காரர் வழியாக ரூபாயாக வந்து சேர்ந்தன. 1990இல் 40 ரூபாய் அளவில் இருந்த டொலர் 2009இல் 115ஐத் தொட்டது. ரூபாய் தேயத் தேய, உறவுகள் அனுப்பிய அதே நூறு டொலர் கூடுதல் நோட்டுகளாக வந்தது. சாமான் விலையும் ஏறியதால் மிச்சம் எவ்வளவு என்பது வேறு கதை.

2021இல் பழைய நாடகம் மறுபடி மேடையேறியது. செப்டெம்பரிலிருந்து மத்திய வங்கி டொலரை 203 ரூபாய்க்குள் பிடித்துவைத்தது. உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். வங்கி வழியே வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். இரசாயன உரத்துக்கான தடையோ 2021 மேயிலேயே வந்துவிட்டது. இயற்கை விவசாயம் என்பது சொன்ன காரணம். வற்றிப்போன செலாவணியும் பக்கத்தில் நின்றது. நவம்பரில் தடை தளர்ந்தும், காலபோக வயலுக்கு வேண்டிய நேரத்தில் யூரியா கிடைக்காமல் விளைச்சல் விழுந்தது. முன்பு மிளகாய்க்குத் தடை போட்டு வன்னியை வாழவைத்த அதே செலாவணி வறட்சி, இம்முறை வயலின் வயிற்றில் அடித்தது.

2022 மார்ச்சில் பிடி விடப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 அளவுக்கு ஏறியது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு 2.70 அளவில் இருந்த இலங்கை ரூபாய் 4.60ஐத் தாண்டியது. அந்த மார்ச்சிலேயே கடல் கடந்து இராமேஸ்வரத்தில் இறங்கத் தொடங்கிய குடும்பங்களுக்கு மே மாதக் கணக்கில் ஆயிரம் ரூபாய் என்பது ஏறக்குறைய 215 இந்திய ரூபாய். 1967இன் முடிவில் அது 1,260.

2022 யூனில் உரம் வாங்க இந்தியா 55 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. ஒரு காலம் இந்திய மிளகாயை வெளியே நிறுத்திச் செழித்த மண்ணில், சிறுபோக நெல்லுக்காக விவசாயிகள் கமநல சேவை நிலையங்களில் காத்துநின்றது அந்தக் கடனில் வந்த யூரியாவுக்கு. ஐம்பது கிலோ மூட்டை பத்தாயிரம் ரூபாய்.