குளிர்ந்த டீயும் கொட்டாங்குச்சியும்

கேளம்பாக்கம் ஓஎம்ஆர் ஓரமாகப் புதிதாக முளைத்திருக்கும் கஃபேக்களில் ‘ஐஸ்ட் டீ’ விற்கிறார்கள். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதைப் போட்டுத் தரச் சொல்லி ஒரு வாரமாக நச்சரித்தார்கள். போட்டோம். வேலை ஒன்றும் பெரிதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து நாலு ஸ்பூன் டீத்தூள் போட வேண்டும். கசப்பு அடங்க ஒரு சிட்டிகை ஆப்பசோடா. ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டி, சூடு இருக்கும்போதே முக்கால் டம்ளர் சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும். ஆறிய டீயில் சர்க்கரை அடியிலேயே தங்கிவிடும். பிறகு ஐஸ், எலுமிச்சை. பால் கிடையாது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் வீட்டுக்கு வீடு குடிப்பது இதைத்தான்.

“இது எங்கிருந்துக்கா வந்துச்சு?” என்று ஒரு பெண் கேட்டாள். அன்று அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்தேன். தோழர்களே, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1879இல் வர்ஜீனியாவில் மரியன் கேபல் டைரீ என்ற பெண்மணி தொகுத்த சமையல் புத்தகத்தில் குளிர்ந்த டீக்குக் குறிப்பு இருக்கிறது. கண்ணாடிக் கோப்பை, ஐஸ், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பச்சைத் தேயிலை. அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். பதினான்கு வருடம்தான் ஆகியிருந்தது. வசதியான வீடுகளின் அடுப்படியில் நின்றவர்கள் அப்போதும் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். லூசியானா கரும்புக் காடுகளை உருவாக்கியதும் அடிமைகளின் உழைப்புதான்.

அந்த ஐஸுக்கு நம்மூரோடும் ஒரு தொடர்பு உண்டு. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக்கு வந்த ஐஸை வைக்கக் கட்டியதுதான் மெரினாவில் நிற்கும் ஐஸ் ஹவுஸ். இன்று அதை விவேகானந்தர் இல்லம் என்கிறோம். அந்த ஐஸ் யார் வீட்டுக் கோப்பைக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரைக் கதை இன்னும் நெருங்கி வருகிறது. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளுக்காக இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்காக ஏற்றிச் சென்றது. அந்தக் காலக் கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊரோடு சாதியும் ஒரு விவரம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் சொன்னது. குமாஸ்தா அதைக் கப்பலிலேயே எழுதி ஏற்றிவிட்டான்.

ஏன் போனார்கள்? பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர்கள் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையது என்று சொல்ல முடியாத மக்கள், மிராசுதாரிடம் கடனுக்குக் கட்டுண்ட படியாட்கள் என அவர் எழுதியது இந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றித்தான். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்ததற்கு அந்த அறிக்கை முக்கியக் காரணம். அந்த நிலங்களின் கதை தனி. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இனி தேயிலை. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தொடங்கினார். இலைநோயில் காப்பி அழிந்ததும் மலை முழுக்கத் தேயிலையானது. பறையர், பள்ளர், சக்கிலியர் பெருமளவில் கங்காணிகள் வழியாகப் போனார்கள். முன்பணம் கடனாகும், தோட்டம் மாற வேண்டுமென்றால் அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் துரை கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. படியாள் முறைக்குத் தப்பிப் போனவர்கள் அதே முடிச்சில் மாட்டினார்கள். லயங்களிலும் சாதி பார்த்தே குடிவைத்தார்கள். பிறகு 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அப்படித் திரும்பியவர்களுக்கு நீலகிரியில் அரசு கொடுத்த வேலை? தேயிலைத் தோட்டம்தான்.

1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் செய்தார். வெயிலில் யாரும் சூடாகக் குடிக்காததால் அவரே ஐஸ் டீயைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. 1879 புத்தகம் இருக்கும்போது அது செல்லாது. ஆனால் அமெரிக்கக் கோப்பையில் பச்சைத் தேயிலை போய் கறுப்புத் தேயிலை ஏறிய காலம் அதுதான்.

இவ்வளவும் பறித்தது நம் கைகள். டீக்கடையில் அதே கைகளுக்குக் கிடைத்தது என்ன? எங்கள் ஆயாவுக்குக் கொட்டாங்குச்சி. அப்பா காலத்தில் தனி டம்ளர்; குடித்துவிட்டு அவரே கழுவி, கூரையில் செருக வேண்டும். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. கிராமத்துக் கடைக்காரர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்கு பிளாஸ்டிக் கப். கேட்டால் சுகாதாரம் என்பார்.

1960 பிப்ரவரி 1 அன்று வடக்கு கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தவர்கள். உங்கள் வயது. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள், சில வாரங்களில் தெற்கு முழுக்கப் பரவியது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான், “அன்னிக்கு காபி குடுத்தாங்களாக்கா?” குடுக்கவில்லை. ஜூலை மாதம்தான் அந்தக் கடை இறங்கிவந்தது.

வரும் ஞாயிறு வால்பாறை பற்றிப் பேசுகிறோம். பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’யை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்திருக்கிறார். முதல் சில அத்தியாயங்களையாவது படித்துவிட்டு வாருங்கள். டம்ளர் கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது.