‘ஸீரோ’தானே என்று நாளுக்கு ஆறு டின்னா? டயட் சோடாவைக் குறைப்பது எப்படி

சுங்கை பட்டாணியில் இரவு ஷிப்ட் முடிந்து மாமாக் கடையில் உட்காரும்போது ஒன்று. கோலா கெடா படகுத்துறையில் லங்காவி ஃபெர்ரிக்குக் காத்திருக்கும்போது ஒன்று. மதியச் சோற்றோடு ஒன்று, ராத்திரி கேம் விளையாடும்போது ரெண்டு மூணு. “சீனி இல்லாததுதானே, பரவாயில்ல” என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் இந்த விளக்கம் உங்களுக்குத்தான்.

முதலில் ஏன் ஸீரோவுக்கு மாறினோம்?

காரணம் நியாயமானதுதான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். தோட்டத்தில் வளர்ந்த குடும்பமோ டவுன் குடும்பமோ, “தாத்தாவுக்கு இனிப்பு நீர், அம்மாவுக்கும் வந்துடுச்சு” என்ற பேச்சு நமக்குப் புதிதில்லை.

அரசாங்கமும் சீனிக்கு வரி போட்டது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி. 2024இல் அது 50 சென், 2025 ஜனவரி முதல் 90 சென். ஒன்றரை லிட்டர் போத்தலுக்கு வரி மட்டும் 1 வெள்ளி 35 சென் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செயற்கை இனிப்பு மட்டும் சேர்த்த பானம் அந்த அளவைத் தாண்டுவதில்லை.

ஆக, சீனியை விட்டது நல்ல முடிவு. ஆனால் ‘சீனி இல்லை’ என்பதை ‘எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்’ என்று நாம் படித்துக்கொண்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அஸ்பார்டேம் புற்றுநோய் தருமா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் கேள்வி இது. 2023 ஜூலையில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை, அஸ்பார்டேமை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்றுகள் குறைவாகவே உள்ளன என்பதே அந்தப் பிரிவின் பொருள். அதே நாளில் வெளியான இன்னொரு நிபுணர் குழுவின் முடிவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 டின்களுக்கு மேல் குடிக்க வேண்டும், வேறு உணவில் அஸ்பார்டேம் இல்லையென்றால்.

பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் நாளுக்கு ஆறு ஏழு டின் குடிப்பவர் அந்த வரம்பிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்படியென்றால் குறைக்க என்ன காரணம்?

*எடை.* 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் கொழுப்பு குறைவதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது.

*பல்.* சீனி இல்லாவிட்டாலும் அமிலம் இருக்கிறது. நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காகக் குடிப்பது பல் எனாமலை அரிக்கும். குடித்தவுடன் பல் துலக்காதீர்கள், தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள்.

*தூக்கம்.* ஒரு டின் டயட் கோலாவில் சுமார் 30 முதல் 45 மில்லிகிராம் கஃபீன் உண்டு. ஆறு டின் என்றால் 180 முதல் 270 வரை. அதற்கு மேல் தே தாரிக்கும் கோப்பியும் சேர்ந்தால், பெரியவர்களுக்கான 400 மில்லிகிராம் வரம்பை எளிதில் தொடலாம். கர்ப்பிணிகளுக்கு அந்த வரம்பு 200தான். ஷிப்ட் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரள்பவர்கள், கடைசி டின்னை எத்தனை மணிக்குக் குடித்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டென்று நிறுத்தினால் தலைவலிக்குமே?

ஆமாம், அது கற்பனை இல்லை. கஃபீன் திடீரென நின்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்தான் கடினம். ஒன்பது நாள் வரைகூட நீடிக்கலாம். பலர் “என்னால முடியாதுப்பா” என்று மறுபடியும் டின்னைத் திறப்பது இந்த இடத்தில்தான். அதனால் படிப்படியாக இறங்குங்கள்.

1. மூன்று நாள் எண்ணுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். எத்தனை டின், எப்போது, எதற்காக என்று போனில் குறித்து வையுங்கள். தாகமா, தூக்கக் கலக்கமா, சும்மா கை பழக்கமா?
2. வாரா வாரம் குறையுங்கள். ஆறு என்றால் முதல் வாரம் நான்கு, அடுத்த வாரம் இரண்டு, மூன்றாவது வாரம் ஒன்று. மாலைக்குப் பிறகு குடிப்பதை முதலில் வெட்டுங்கள்.
3. வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். பெட்டி பெட்டியாக மலிவு விலையில் வாங்கினால் பெட்டி பெட்டியாகத்தான் தீரும். வேண்டும்போது ஒன்று மட்டும் வாங்குங்கள்.
4. காஸுக்குத்தான் ஏக்கமா? வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேண்டியது அந்தச் சுருக்கென்ற உணர்வுதான். இதிலும் கொஞ்சம் அமிலம் உண்டு, சாப்பாட்டோடு குடிப்பது நல்லது.
5. கடையில் ஆர்டரை மாற்றுங்கள். ‘தே ஓ கோசோங்’ அல்லது ‘ஆயேர் கோசோங்’ சொல்லிப் பழகுங்கள். ‘கூராங் மானிஸ்’ என்றாலும் தே தாரிக்கில் கெட்டிப்பால் இருக்கும், அதிலேயே சீனி உண்டு. வீட்டில் என்றால் உப்பு போட்ட மோர் இருக்கவே இருக்கிறது.

ஆண்டின் தொடக்க மாதங்களில் கெடா வெயில் எப்படி வாட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் உடம்பு கேட்பது முதலில் தண்ணீர். ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்தும் டின் வேண்டுமா என்று பாருங்கள்.

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால்

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, டயட் சோடாவைக் குறைக்கிறேன் என்று பண்டோங்கோ சிராப்போ பக்கம் திரும்பக் கூடாது. அதற்கு ஸீரோவே மேல்.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. இன்சுலின் அல்லது சில மாத்திரைகள் எடுப்பவருக்கு ரத்தத்தில் சீனி 4க்குக் கீழ் இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், குளிர்பெட்டியில் இருக்கும் ஸீரோ டின் உதவாது. அதில் சீனியே இல்லை. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள்.

உங்கள் சீனி அளவு எவ்வளவு என்று தெரியாதா? அதே 2019 ஆய்வில், நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். டின்னில் ‘ஸீரோ’ என்று போட்டிருப்பது பானத்தின் கணக்கு. உங்கள் கணக்கை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.