கூலியும் கண்ணியமும்



திருப்பூரில் 1920களில் பனியன் தொழிலுக்கு வித்திட்டோருள் குலாம் காதர் சாகிபும் ஒருவர். அத்தொழில் தழைத்த அவ்வூரில், 1984-ஆம் ஆண்டு, விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி கோரித் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிக்கு உற்பத்தியும் தொழிலாளிக்குக் கூலியும் போயின.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு கற்பித்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், பத்தாண்டுகள் தமக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறையேனும் 'சீ' எனக் கடிந்ததில்லை. கூலியைப் போலவே கண்ணியமும் உழைப்பவரின் உரிமை என்பதே இதன் படிப்பினை.

கம்பெனி நடத்துவோரே! சனிக்கிழமைக் கூலியைத் தாமதிக்காதீர்கள். டெய்லரிடம் பேசும் மரியாதையுடனேயே கைமடி வேலை செய்வோரிடமும் பேசுங்கள். தொழிலாளத் தோழர்களே! வேலை நேரமும் துணியும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.