நுவரெலியாவுக்குப் போன கொழும்புப் பதிவேடுகள்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கியதையும் சனங்கள் ஊரை விட்டு ஓடியதையும் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த யுத்த காலத்தில் மனிதர்கள் மட்டுமல்ல, காகிதங்களும் கொழும்பை விட்டுப் போயின.

அரசாங்கச் சுவடிகள் நுவரெலியாவுக்கு ஏற்றப்பட்டன. 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளும் அவற்றில் அடக்கம். ஏறத்தாழ 7000 தொகுதிகள்: ஆலோசனைச் சபைக் குறிப்புகள், கடிதங்கள், காணி விபரம் எழுதிய தோம்புகள். யுத்தத்துக்குப் பிறகு அவை மலையிறங்கி நுகேகொடை கங்கொடவிலவுக்கு வந்தன. பின்பு இன்றைய கொழும்பு 7 கட்டடத்துக்கு. கொட்டாஞ்சேனை ஊல்பெண்டால் தேவாலயத்தை எழுப்பிய அதே ஒல்லாந்தரின் கையெழுத்துத்தான் இப்படி ஊர் ஊராக அலைந்தது.

ஏற்றி இறக்குவது பெரிய வேலையில்லை, லொறி இருந்தால் போதும். போன இடத்தில் தேடினால் கிடைக்க வேண்டுமே! அதற்குத்தான் பட்டியல். 1907இல் ஆர். ஜி. அந்தோனிஸ் இந்தப் பதிவேடுகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். பிறகு யுத்தத்தின் நடுவே, 1943இல், ஜுரியான்ஸ் அம்மையாரின் முழு விபரப் பட்டியல் அச்சாகியது. அதில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம். அலுமாரி மாறலாம், ஊரே மாறலாம், இலக்கம் மாறாது. ஆய்வாளர்கள் இன்றும் அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

கணினி படித்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். டேட்டாபேஸ் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது முதலில் சேர்வரை நிறுத்துவார்கள், எழுதிக்கொண்டிருக்கும் கொப்பியை யாரும் இடையில் பிடுங்குவதில்லையே. பிறகு பிரதி எடுத்து, அனுமதிகளைச் சரிபார்த்து, புதிய இடத்தின் முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதுவார்கள். அந்த ஒரு வரி தவறினால் தரவு முழுவதும் பத்திரமாக இருந்தும் சேர்வர் எழும்பாது. எல்லாம் திறந்து பார்த்த பின்னர்தான் பழைய டிஸ்க்கில் கை வைப்பார்கள்.

யாழ்ப்பாண நூலகத்துக்கு இந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1981இல் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பல ஓலைச்சுவடிகளுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து வைப்பதன் அருமை இதை நினைத்தால்தான் தெரியும். நம் சமூகத்துப் பழைய வெளியீடுகளையும் அதில் தேடிப் பாருங்கள்.

இனி நம் மஹல்லாவுக்கு வருவோம். பழைய சந்தாப் புத்தகம், ஜனாஸாப் பதிவு, நிர்வாக சபைக் கூட்டக் குறிப்பு எல்லாம் பல பள்ளிவாசல்களில் ஒரே இரும்பு அலுமாரியில்தான் கிடக்கின்றன. பெயின்ட் அடிக்கும்போது அவை வெளி வராந்தாவுக்கு வரும், திரும்ப உள்ளே போகும்போது எண்ணிப் பார்ப்பவர் யார்? லீவு நாளில் இரண்டு பிள்ளைகள் போனும் கொப்பியுமாக வந்தால் போதும். முதலில் இலக்கம் போட்டு ஒரு பட்டியல், பிறகு படம். உங்கள் பள்ளி அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள்.