துளையிட்ட அதிரசம்

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பேரங்காடிக் கடைகளில், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் டோனட் என்னும் வளையப் பலகாரத்தை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். இப்போது அதனையே அரிசி மாவில், தேயிலைச் சாறு கலந்து, பல்லில் இழுபடும் பதத்தில் வீட்டில் செய்கிறார்கள். 2003-ஆம் ஆண்டில் ஜப்பானின் மிஸ்டர் டோனட் கடைகள் விற்கத் தொடங்கிய மெத்தென்ற வளையத்தைப் பின்பற்றிப் பரவியது இவ்வழக்கம். இதைப் புதுமை என்று சொன்னால் நம் பாட்டிமார் சிரித்திருப்பர்.

மலாய் மக்களிடம் பெனெராம் அல்லது டெண்டெராம் என்றொரு குவே உண்டு. அரிசி மாவைச் சர்க்கரைப் பாகில் பிசைந்து, தட்டி, நடுவில் விரலால் துளையிட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். நம் அதிரசந்தான் அது. துளை ஒன்றே வேறுபாடு. திருமலைக் கோயிலில் விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில், இறைவனுக்குப் படைப்பனவற்றுள் அதிரசப்படியும் இடம்பெறுகிறது. ஆந்திரத்தில் இதனை அரிசெலு என்பர். ஒடிசாவில், அதாவது பழைய கலிங்கத்தில், அரிசா பிட்டா என்பர். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே தமிழ் வணிகர் அங்கே குடியிருந்தனர். ஆகவே, ரப்பர்த் தோட்டம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே இப்பலகாரம் கடல் கடந்திருக்கும் என எண்ண இடமுண்டு.

இந்தக் குவேக்கு இன்னொரு பெயரும் உண்டு: 'தெலிங்கா கெலிங்'. கெலிங்கர் காது என்பது பொருள். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த அந்தச் சொல், ஒரு காலத்தில் இந்தியரைக் குறிக்கும் வெறும் பெயராக இருந்து, பிற்காலத்தில் நம் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் தலைகுனிய வைக்கும் வசையாயிற்று. ஆயினும் அந்தக் காது யாருடையது? பாம்படம் அணிந்து, துளை தோள்வரை தொங்க நடந்த நம் பாட்டிமாரின் காதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. வசையை நாம் ஏற்க வேண்டியதில்லை. பாட்டியின் காதை மறுக்கவும் வேண்டியதில்லை.

1901-இல் திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், கங்காணியின் பின்னே வந்திறங்கியவர்களில் பலர் தோட்டத்து லயங்களில் குடியேறினர். லயத்தில் ரொட்டி சுடும் அடுப்பு ஏது? உரலும் உலக்கையும் இரும்புச் சட்டியுந்தான். பெரட்டுக்கு விடியுமுன் எழுந்த பெண்களே, தீபாவளிக்கு முன் இரவெல்லாம் ஊறவைத்த அரிசியை இடித்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அக்காலத்தில் பல வீடுகளில் உரல் சும்மா கிடந்தது.

அரிசி மாவு இழுபடுவது ஏன்? கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் வலை பின்னுகிறது. அரிசியில் அது இல்லை. ஈர மாவில் சூடான பாகு விழும்போது மாவுச்சத்து ஓரளவு வெந்து பசையாகிறது. அதனால்தான் அதிரச மாவை ஒரு நாளாவது மூடி வைப்பார்கள். பச்சரிசி ஆறினால் விறைக்கும்; மலாய்க்காரர் புளுட் என்னும் ஒட்டரிசியில் விறைப்புத் தரும் அமைலோஸ் மிகமிகக் குறைவு என்பதால் அது ஆறிய பின்னும் மெத்தென்று இருக்கும்.

தேயிலைக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1929-இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் தொடங்கிய போ நிறுவனத்துக்குச் சிலாங்கூரிலேயே, கோலலங்காட் வட்டாரத்துப் புக்கிட் சீடிங்கிலும் தேயிலைத் தோட்டம் உண்டு. மலையேறாத தேயிலை!

இன்று அவன் உள்ள வீடுகளில் இவ்வாறு செய்யலாம். இரண்டு கிண்ணம் புளுட் மாவு, ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால், இரண்டு முட்டை, இரண்டு சிறு கரண்டி பேக்கிங் பவுடர் எடுத்துக்கொள்ளுங்கள். கால் கிண்ணம் கடுந்தேநீரில் முக்கால் கிண்ணம் கூலா மலாக்காவைக் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்துச் சேருங்கள். வளைய அச்சில் எண்ணெய் தடவி ஊற்றி, 180 பாகை வெப்பத்தில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். அச்சு இல்லையென்றால் வாழையிலை விரித்த தட்டும் போதும். துளையை விரலால் மனத்தில் போட்டுக்கொள்ளலாம்.